வழிக்கு வேண்டாம், குழிக்கு வையுங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தூண்டில் போடும் தம்பிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே,

நானும் உங்களைப் போலத் தூண்டிலும் கையுமாக அலைகிறவன்தான். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்து நீர்நிலைகளுக்குப் போகிற தடங்களில் இப்போது புதுப்புது அடையாளங்கள் தென்படுகின்றன. சீமைக்கருவேல் புதருக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு ரிப்பன். ஓடைப் பாறையில் ஸ்ப்ரே பெயின்டால் ஓர் அம்பு. பனையில் ஆணியடித்து மாட்டிய குளிர்பான பாட்டில். வரப்பு முனையில் மூன்று கல்லை அடுக்கி அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. ஆடு மேய்க்கிறவரைக் கேட்டால், "உங்க ஆளுங்கதான் வச்சுட்டுப் போனாங்க" என்கிறார். நம் ஆட்கள் என்றால் நீங்களும் நானும்தான்.

ஏன் வைக்கிறீர்கள் என்பது புரியாமல் இல்லை. கருவேலங்காட்டில் எல்லாச் சந்தும் ஒன்றுபோலவே இருக்கும். சித்திரையில் நடந்த தடம் கார்த்திகையில் காட்டாமணக்குக்குள் காணாமல் போயிருக்கும். விராலுக்காக இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு எழுந்தால், பைக்கை எந்தப் பக்கம் நிறுத்தினோம் என்பதே மறந்துபோகும். அடுத்த வாரம் வரப்போகிற நண்பனுக்கும் இடம் தெரிய வேண்டும். எல்லாம் நியாயம்தான். ஆனாலும் இந்த வழக்கம் வளர்ந்துகொண்டே போவது நல்லதற்கில்லை என்று நினைக்கிறேன். நான் கேட்டுக்கொள்வது இதுதான்: தண்ணீருக்குப் போகும் வழிக்கு அடையாளம் வைக்காதீர்கள். தண்ணீரில் காத்திருக்கும் ஆபத்துக்கு வையுங்கள்.

நம் மண்ணை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவே மருதையாறு. பச்சைமலை அடிவாரத்தில் விசுவக்குடி அணை. மருதையாற்றின் குறுக்கே கொட்டரை நீர்த்தேக்கம். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ராஜேந்திர சோழன் வெட்டிய பொன்னேரி. இடையிடையே எண்ணி மாளாத ஏரி, குளம், குட்டை. இவற்றோடு வேறு பல மாவட்டத்துக்காரர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒன்றும் நமக்கு உண்டு. அது சுண்ணாம்புக்கல் வெட்டிய சுரங்கக் குழி. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் சேறும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூரிலிருந்து சிமென்ட் மூட்டையாகப் போகிறது. வெட்டி முடித்துவிட்ட குழியில் மழைத்தண்ணீர் தேங்கும், ஊற்றும் சேரும். பெரம்பலூர்ப் பக்கம் ஜல்லிக்குப் பாறை உடைத்த கல்குவாரிகளிலும் இதே கதைதான். யாரோ விட்ட ஜிலேபிக் கெண்டை பெருகும், அதைத் தின்ன விரால் வரும், விராலைத் தேடி நாம் வருவோம்.

ஏரிக்கும் குவாரிக் குழிக்கும் உள்ள வித்தியாசத்தை மீன் பிடிக்கிறவன் மறக்கக் கூடாது. ஏரி படிப்படியாக ஆழமாகும். தண்ணீர் வந்து சேரும் பக்கம் மேடாக இருக்கும், கரையையும் மதகையும் நெருங்க நெருங்கத்தான் ஆழம் கூடும். கால் வைத்தால் முட்டி, அப்புறம் இடுப்பு, அப்புறம் கழுத்து என்று தண்ணீரே எச்சரித்துக்கொண்டு வரும். குவாரிக் குழிக்கு அந்தப் பண்பு கிடையாது. சுவர் செங்குத்தாக இறங்கும், முதல் அடியிலேயே ஆளை விழுங்கும். விளிம்பு மண் வெயிலில் பாறை போல் காய்ந்திருக்கும். நாலு சொட்டு மழை பட்டால் சோப்பு போல் வழுக்கும். விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்திருந்தாலும் பிடித்து ஏற ஒரு படி, ஒரு வேர் இருக்காது. அங்கே நீச்சல் தெரிந்தவர்களும் சாவது ஏறி வர இடம் இல்லாததால்தான்.

கொட்டரையில் 2020 ஆகஸ்டில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மழையில் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ஏறியிருந்த சமயம். சிறுவாச்சூர்ப் பக்கத்து இளைஞர்கள் சிலர் கிரிக்கெட் ஆடிவிட்டுக் குளிக்க வந்தார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவல்லி மூவரும் அங்கே இருந்தார்கள். தண்ணீர் ஆழம் என்று எச்சரிக்கவும் செய்தார்கள். அப்படியும் நான்கு பேர் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள். மூன்று பெண்களும் தயங்கவில்லை. கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இருவர் கரையேறினார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழக அரசு மூவருக்கும் வீரதீரச் செயலுக்கான கல்பனா சாவ்லா விருது வழங்கியது.

அந்த இளைஞர்கள் வழி தவறவில்லை. தண்ணீருக்குச் சரியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது ஆழம். அது உள்ளூர்ப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் வாயால் சொன்னார்கள். அந்த மூவரும் அன்று அங்கே இல்லாமலிருந்தால் ஆழத்தை யார் சொல்லியிருப்பார்கள், சேலையை யார் வீசியிருப்பார்கள்? நம் மாவட்டங்களில் ஆள் அரவமே இல்லாத குழிகள் எத்தனையோ இருக்கின்றன. அடையாளம் தேவைப்படுவது அங்கேதான்.

நம் ஊர்க்காரர்கள் எதற்கு அடையாளம் வைப்பார்கள், எதற்கு வைக்கமாட்டார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சாலையில் பள்ளம் விழுந்தால் யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி, ஒரு வேப்பங்கிளையை ஒடித்து அதில் நட்டுவிட்டுப் போவார். லாரி பழுதாகி நின்றால் பின்னால் நாலு கல்லும் தழையும் வைப்பார்கள். போகக் கூடாத தடத்தின் குறுக்கே முள்ளை வெட்டிப் போடுவார்கள். இதற்கெல்லாம் யாரும் வகுப்பு எடுத்ததில்லை, பலகையும் எழுதியதில்லை. பார்த்தவுடன் எவருக்கும் புரியும். ஆனால் ஏரிக்கோ காட்டுக்கோ போகிற ஒற்றையடித் தடத்தில் எந்தக் கிராமத்தாரும் அம்புக்குறி போட்டதில்லை. வழியை வாயால்தான் கேட்டுக்கொண்டார்கள். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்று சொன்ன ஜனங்கள் அல்லவா?

வாயால் கேட்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. "பெரியவரே, குட்டைக்கு எப்படிப் போறது?" என்று கேட்டால் அவர் வழியை மட்டும் சொல்லமாட்டார். "எந்த ஊரு தம்பி? யாரு வீட்டுப் பிள்ளை?" என்பார். "கெழக்கால போவாத, அங்க சுவரில்லாத கெணறு கெடக்கு" என்பார். "நேத்து அங்க கண்ணாடி விரியன் பார்த்தேன், பார்த்துக் கால வை" என்பார். திரும்பி வருகிற நேரம் தாண்டியும் உங்கள் பைக் அங்கேயே நின்றால், தேடி வரவும் ஒரு ஆள் கிடைத்துவிட்டார். ரிப்பன் வழியை மட்டும் காட்டும். இதில் எதையும் சொல்லாது.

வழிக்கு அடையாளம் வைத்த வழக்கமே தமிழ்நாட்டில் இல்லை என்று சொல்லமாட்டேன். தர்மபுரிப் பக்கம் கிடைத்த, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழியின் தூரம் காட்டும் காதக்கல்லைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்பதை எழுத்தில் வெட்டியதோடு, படிக்கத் தெரியாத வழிப்போக்கர்களுக்காக இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் கல்லில் குடைந்து வைத்திருக்கிறார்கள். எவ்வளவு யோசனையோடு செய்த வேலை! ஆனால் அது பெருவழி. வணிகரும் வண்டியும் போவதற்கென்றே ஆனது. கல்லை நட்டவன் அந்த வழிக்குப் பொறுப்பானவன். நாம் கட்டும் ரிப்பனுக்கு அப்படி யார் பொறுப்பு?

வெளிநாட்டிலும் இந்தக் கேள்விதான் ஓடுகிறது. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா, பார்வையாளர்கள் ஆசைக்கு அடுக்கிவிட்டுப் போகும் கற்குவியல்களைக் கண்டால் கலைத்துவிடுங்கள் என்று 2023-இல் கேட்டுக்கொண்டது. அதே நாட்டின் அகாடியா தேசியப் பூங்காவில் கற்குவியல்களில் கை வைக்காதீர்கள் என்கிறார்கள். இது முரணாகத் தெரியலாம். அகாடியாவில் இருப்பவை நூறாண்டுக்கு முன் வால்ட்ரன் பேட்ஸ் என்பவர் வகுத்த முறையில் வைக்கப்பட்டவை. இன்றும் ஆட்கள் போய்ச் சரிபார்த்துப் பராமரிக்கிறார்கள். மூடுபனி இறங்கினால் நடப்பவர்கள் அந்தக் கற்களை நம்பித்தான் மலை இறங்க வேண்டும். பராமரிக்க ஆள் இருந்தால் அடையாளம் உயிர் காக்கும், இல்லாவிட்டால் ஆளைத் திசை திருப்பிவிடும் என்பதே இரண்டு பூங்காக்களும் சொல்வதன் சாரம்.

"வழி தெரியாமல் ஒருவன் மாட்டிக்கொண்டால் ரிப்பன் காப்பாற்றாதா அண்ணே?" என்று நீங்கள் கேட்கலாம். கனடாவின் காட்டு ஏரிகளுக்கு அந்தக் கேள்வி பொருந்தும், அங்கே நாள்கணக்கில் நடந்தாலும் ஊர் வராது. நம் பக்கம் கருவேலங்காட்டில் எவ்வளவு சுற்றினாலும் ஏதாவது ஒரு திசையில் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு தெரியும், கோயில் மைக் கேட்கும், சுண்ணாம்புக்கல் லாரியின் இரைச்சல் வரும். நின்று காது கொடுத்தால் ஊர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வழி தவறியதால் நம் மாவட்டங்களில் உயிர் போவது அபூர்வம். கால் தவறினால்தான் போகிறது.

இனி, ரிப்பனாலும் பெயின்டாலும் வரும் கேடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, குழந்தைகள். நீங்கள் கட்டியதை உங்கள் நண்பன் மட்டும் பார்ப்பதில்லை. பள்ளி விடுமுறையில் சுற்றும் பத்து வயதுப் பையனும் பார்க்கிறான். நீங்கள் பத்தடி தள்ளி நின்று தூண்டில் நரம்பை வீசிவிட்டு வந்துவிடுவீர்கள். அவன் உங்கள் அம்புகளைத் தொடர்ந்து விளிம்புவரை போய் எட்டிப் பார்ப்பான். குவாரிக் குழியைச் சுற்றி வேலி போட வேண்டியது சுரங்க விதிகளின்படி கட்டாயம். அந்த வேலி சாய்ந்து கிடக்கும் சந்துக்கு நேராக நாமே அம்பு போட்டால், வேலி செய்ய வேண்டிய வேலையை நாம் கெடுத்துவிடுகிறோம்.

அடுத்தது ஊர்க்காரர்களின் பயம். பெரிய அளவில் சுரங்கத்துக்கு நிலம் போன மாவட்டம் அரியலூர். வயல் ஓரக் கல்லில் சிவப்பு பெயின்டில் ஒரு குறியைப் பார்த்தால், நம் நிலத்தையும் அளந்துவிட்டார்களோ என்று நிலத்துக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். அது விளையாட்டாய்ப் போட்ட அம்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? வரப்பு முனையில் நிற்பது சர்வே கல்லாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. அதைப் பெயர்ப்பதும் சிதைப்பதும் 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டப்படி குற்றம்.

துணி விஷயத்தில் வேடிக்கையும் உண்டு. வேப்பமரத்தில் மஞ்சள் துணி கட்டினால் அடுத்த ஆடிக்குள் அங்கே கற்பூரம் எரியும். மூன்று கல்லை நட்டு வைத்தால் முனியப்பன் வந்துவிடுவார். சிரிக்காதீர்கள், ஊர்க்காரர்கள் கும்பிட ஆரம்பித்த பிறகு உங்கள் அடையாளத்தை நீங்களே அவிழ்க்க முடியாது. உண்மையிலேயே சாமிக்குக் கட்டிய துணியை உங்கள் நண்பன் வழிக்குறி என்று நினைத்து அவிழ்த்துவிட்டால் அது வேறு வம்பு.

ஆடு பாலித்தீனைத் தின்னும். ரிப்பனும் அதற்குத் தழைதான். வயிற்றில் அடைத்துக்கொண்டு ஆடு செத்தால் நஷ்டம் அந்த மேய்ப்பவருக்கு. நமக்கு வழி சொல்கிறவரும், ஆபத்தில் ஓடி வரப்போகிறவரும் அவர்தான்.

அப்புறம் குத்தகை. பெரும்பாலான ஏரிகளில் மீன்பாசி ஏலம் போய்விடும். குஞ்சு விட்டு, காவல் வைத்து, பணம் முடக்கியிருக்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்டால் தூண்டிலுக்குச் சரி என்று சொல்கிற குத்தகைக்காரர்கள் நிறையப் பேர். கேட்காமல் ராத்திரியில் வழிக்குறி வைத்துக்கொண்டு போகிறவனை அவர் திருடன் என்று நினைத்தால் தப்பு அவருடையதல்ல.

கரைவெட்டியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி பறவைகள் சரணாலயம். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வந்து சேரும் ஏரி. மத்திய ஆசியாவிலிருந்து வரித்தலை வாத்து அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வருகிறது. 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. அங்கே தூண்டிலுக்கும் இடமில்லை, வழிக்குறிக்கும் இடமில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது ஒரு பக்கம். அறுந்து விட்டுப்போன ஒரு முழ நரம்பு காலில் சுற்றினால் பறவை பறக்க முடியாமல் பட்டினியில் சாகும் என்பது மறு பக்கம். எந்த ஏரியானாலும் அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காரை, கொளக்காநத்தம் பக்கத்து ஓடைகளும் மண்மேடுகளும் சாதாரணமானவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே புவியியலாளர்கள் தேடி வரும் இடம் அது. அம்மோனைட்டும் சுறாப் பல்லும் புதைபடிவங்களாக அந்த மண்ணில் இருக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கும் மரத்தைப் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் உலகுக்குச் சொன்னார். அங்கே உங்கள் அம்பு எந்தக் கல்லின் மேல் விழுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதோடு அந்த அம்பால் பயனும் இல்லை. அந்த மண் ஒவ்வொரு மழைக்கும் அரிக்கிறது. ஓடையில் கிடக்கும் கல் ஒரு வெள்ளத்தில் புரண்டு, உங்கள் அம்பு நேர் எதிர்த் திசையைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அதை நம்பிப் போகிறவன் உங்கள் நண்பனாகவும் இருக்கலாம்.

சரி, அடையாளம் வைக்காமல் எப்படிப் போய்த் திரும்புவது?

போகும்போது அடிக்கடி திரும்பிப் பாருங்கள். வரும் வழி போகும் வழியைப் போல இருக்காது. ஒவ்வொரு பிரிவிலும் நின்று, திரும்பி, வரும்போது எது கண்ணில் படும் என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றைப் பனை, மொட்டைப் பாறை, பம்ப் செட் அறை. நடக்கத் தொடங்கும்போதே செல்போனில் நடந்த தடத்தைப் பதிவு செய்யும் செயலியைப் போட்டுவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தடம் உங்கள் பையிலேயே இருக்கும், மண்ணில் எதையும் விட்டுவரத் தேவையில்லை.

வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும், டிரான்ஸ்பார்மர் பெயரையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். 108-க்கோ 112-க்கோ பேசும்போது "கருவேலங்காட்டுக்கு உள்ளே" என்றால் யாருக்கும் புரியாது. ஊர்ப் பெயரும் கம்ப எண்ணும் சொன்னால் உள்ளூர் லைன்மேனை வைத்தே இடம் கண்டுபிடித்துவிடலாம்.

இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அது முடியாதென்றால் வந்த தடத்திலேயே திரும்புங்கள், குறுக்கு வழி வேண்டாம். பெரம்பலூர்ப் பக்கத்துப் பாறைக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, இருட்டில் அவை வயல் போலவே தெரியும். மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்கம்பி இழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஆட்களும் மாட்டிச் செத்திருக்கிறார்கள். கார்பன் தூண்டில் ராடு மின்சாரத்தைக் கடத்தும். மேலே கம்பி போகும் இடத்தில் அதை நிமிர்த்திப் பிடித்து நடக்காதீர்கள், இடி இடித்தால் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள்.

கூட்டமாகப் போகிறீர்கள், கட்டாயம் ஒரு குறி வேண்டும் என்ற நிலை வரலாம். சணல் கயிறோ பருத்தித் துணியோ போதும். பெயின்ட், ஆணி, பிளாஸ்டிக் மூன்றும் வேண்டாம். திரும்பி வருகிறவனின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கண் மட்டத்தில் கட்டுங்கள். எத்தனை கட்டினீர்கள் என்று எண்ணி வையுங்கள். கடைசியாக வருகிறவன் எல்லாவற்றையும் அவிழ்த்து, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். அன்று கட்டியது அன்றே அவிழ வேண்டும்.

செல்போனில் இடம் குத்தி அனுப்புவதும் அடையாளம்தான். சொல்லப்போனால் ரிப்பனை விட ஆபத்தானது, ஏனென்றால் அதை யாராலும் அவிழ்க்க முடியாது. ஒருவர் நம்பிக் காட்டிய இடத்தை வீடியோவில் போடாதீர்கள். நண்பனுக்கு அனுப்பியே ஆக வேண்டுமென்றால் வண்டி நிறுத்தும் ஊர்ச் சாவடியை அனுப்புங்கள். மிச்ச வழியை அவன் வாயால் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆற்றுக்கு என்று சில எச்சரிக்கைகள் உண்டு. ஆற்று மணலில் வைக்கும் எந்தக் குறியையும் நம்பாதீர்கள். மேட்டூர் நிரம்பி முக்கொம்பிலிருந்து உபரி நீர் கொள்ளிடத்தில் திறக்கப்படும்போது திருமானூரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நடந்து வந்த மணல் திட்டு திரும்பும்போது இருக்காது. தண்ணீர் திறக்கப்போவதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தால் அன்று தூண்டில் வீட்டிலேயே இருக்கட்டும். மணல் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு. வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் மருதையாற்றை இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1956 நவம்பர் 23 அதிகாலை, வெள்ளம் அரித்த அதன் பாலத்தில்தான் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியது அந்த விபத்துக்குத்தான்.

இனி, எதற்கு அடையாளம் வையுங்கள் என்று கேட்டேனோ அதற்கு வருகிறேன்.

குழியின் விளிம்புக்கு நாலைந்து அடி முன்னாலேயே, தடத்தின் குறுக்கே முள்ளை வெட்டிப் போடுங்கள். அங்கே கருவேல முள்ளுக்கா பஞ்சம்? விளிம்பிலேயே போட்டால் அதைத் தாண்டப் பார்க்கிறவன் உள்ளேதான் விழுவான். மண் வெடித்து நிற்கும் இடம், உள்பக்கம் குடைந்துபோன கரை, சுவரில்லாத கிணறு, மதகுக்கு முன்னால் சுழல் உள்ள இடம், இவை ஒவ்வொன்றிலும் ஒரு கிளையை நடுங்கள். தழை காய்ந்துவிடும். அடுத்த முறை போகும்போது புதுக் கிளை நடுங்கள். முன்பு நட்டது இல்லையென்றால் இன்னொன்று நட்டுவிட்டு மீனுக்கு உட்காருங்கள். வைத்த அடையாளத்தைப் பார்த்துக்கொள்வது என்பது இவ்வளவுதான்.

ஆழம் அறிய உங்கள் கையிலேயே கருவி இருக்கிறது. நரம்பு முனையில் ஈயக் குண்டைக் கட்டி, எட்டி நின்று போட்டுப் பாருங்கள். தரை தட்டும் வரை எத்தனை முழம் போகிறது என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கை ஊர் டீக்கடையில் சொல்லுங்கள். "கல்குழியில கரையோரமே பத்தாளு ஆழம்" என்ற சேதி டீக்கடையில் விழுந்தால் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

குழிக்குப் போகும்போது ராடோடு ஒரு நீளக் கயிறும் காலி பிளாஸ்டிக் கேனும் எடுத்துப் போங்கள். மூடி இறுக்கிய கேன் ஒரு ஆளைத் தண்ணீருக்கு மேலே தாங்கும். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் காப்பாற்ற வந்தவரையும் அமுக்கிவிடுவார். கயிறு கட்டிய கேனை வீசுங்கள், வேட்டியை வீசுங்கள், படுத்துக்கொண்டு ராடை நீட்டுங்கள். கூடவே 112-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். கொட்டரையில் இருவர் பிழைத்ததற்குக் காரணம், அந்தப் பெண்களுக்கு எதை வீசலாம் என்ற யோசனை அந்த நொடியில் வந்ததுதான்.

கிளையும் முள்ளும் தற்காலிகம். நிலையான வேலி போடும் பொறுப்பு அந்தந்தச் சுரங்கத்துக்காரருக்கும் நிர்வாகத்துக்கும் உரியது. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம். எந்தக் குழி எங்கே இருக்கிறது, எந்த வேலி எங்கே சாய்ந்திருக்கிறது என்று நம் அளவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. அந்த விவரத்தைப் படத்தோடு கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். கிராம சபையில் எழுந்து பேசுங்கள். அக்டோபர் 2-இலும் நவம்பர் 1-இலும் கூடும் சபைகள் நமக்குத் தோதானவை, வடகிழக்குப் பருவமழையில் குழிகள் நிரம்பும் காலமும் அதுதான். "எங்கள் ஊர் எல்லையில் இன்ன இடத்துக் குழிக்கு வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும்" என்று ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். தூண்டில்காரன் சொல்கிறானே என்று முதலில் சிரிப்பார்கள். குழிகளின் பட்டியலையும் ஆழக் கணக்கையும் எடுத்து நீட்டினால் கேட்பார்கள்.

ஆகவே தம்பிகளே, அடுத்த ஞாயிறு கிளம்பும்போது இரண்டு வேலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் கண்ணில் படும் ரிப்பன், பாட்டில், ஆணி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். சாமிக்குக் கட்டியது எது, நம்முடையது எது என்று சந்தேகம் வந்தால் ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு, நீங்கள் வழக்கமாக உட்காரும் குழியின் மிக மோசமான விளிம்பு எது என்று பார்த்து, அங்கே முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு உட்காருங்கள். நான் போகும் குழிகளில் நானும் செய்கிறேன். எதிரில் சந்தித்தால், எங்கே மீன் கடிக்கிறது என்று கேட்பதற்கு முன், எங்கே கரை சரிந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்களோடு கரையில் உட்காரும்
ஒரு மூத்த தூண்டில்காரன்